வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதபோது மூட்டு வலியைச் சமாளிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வலி மாத்திரை போட்டால் நடக்கிறார், ஆனால் வயிறு எரிகிறது. நிறுத்தினால் வயிறு அடங்குகிறது, படி இறங்க முடிவதில்லை. இந்த இழுபறியிலேயே எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம் போனது. அப்புறம் ஒரு பொது மருத்துவரும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்துதான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு பெரியம்மாவுக்கும் எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேருக்கும் கூடவே இருந்து செய்து பார்த்ததில் தெரிந்தது, எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் நேராக அடுத்த மாத்திரையைத் தேடுகிறார்கள். அது ஏழாவதாக வர வேண்டிய படி.

முழங்கால் அல்லது கை விரல் தேய்மானம் உள்ள பெரியவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். மருந்து அளவுகளைச் சொல்லியிருப்பது மருத்துவரிடம் பேசும்போது உங்களுக்கு விஷயம் புரிய வேண்டும் என்பதற்காக. அம்மாவுக்குச் சரியான அளவு உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

தொடங்கும் முன் இவை கையில் இருக்கட்டும்: கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு (ஹீமோகுளோபினும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள், ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் புதிதாக எடுத்துவிடுங்கள்), சமீபத்தில் பார்த்த பி.பி. அளவு, ஒரு நோட்டு, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளும்.

1. ரத்தம் கசிகிறதா என்று முதலில் பாருங்கள்

வயிறு எரிகிறது என்பதற்கும் வயிற்றில் புண் இருக்கிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எரிச்சலே இல்லாமல் புண் வரும், முதல் அறிகுறியே ரத்தக் கசிவாக இருக்கும். அதனால்தான் இந்தப் படி எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள் கொஞ்சம் சங்கடமானவை, ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். மலம் தார் போலக் கறுப்பாக, பிசுபிசுப்பாக, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு போகிறதா? வாந்தியில் ரத்தமோ காபித்தூள் மாதிரி ஏதாவதோ வந்ததா? எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறதா? காரணமில்லாமல் எடை குறைகிறதா, சாப்பாடு விழுங்க முடியவில்லையா? ரத்த வாந்தி, தார் மலம், மயக்கம், திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி, இவற்றில் எது இருந்தாலும் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த வழிகாட்டியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் நடந்த தவறு இதில்தான். அம்மா சோர்வாக இருக்கிறார் என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது போட்டாலே மலம் கறுப்பாகத்தான் போகும் என்பது எங்களுக்குத் தெரியும், அதனால் யாரும் கவலைப்படவில்லை. சோர்வுக்கே காரணம் வயிற்றில் கசிந்துகொண்டிருந்த ரத்தம் என்பது ஹீமோகுளோபின் 7.8-க்கு இறங்கிய பிறகுதான் தெரிந்தது. இரும்பு மாத்திரை சாப்பிடுபவரின் மலம் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ, சாதாரணக் கெட்டியோடு இருக்கும். ரத்தம் கலந்தது ஒட்டும், நாறும். சந்தேகமாக இருந்தால் ஊகிக்க வேண்டாம், ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

2. எல்லா மாத்திரைகளையும் ஒரு துண்டில் கொட்டிப் பெயர் எழுதுங்கள்

அலமாரி, கைப்பை, தலையணைக்கு அடி, ஃபிரிட்ஜ் மேல் டப்பா, எல்லா இடத்திலிருந்தும் எடுத்து வாருங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனிப் பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து, அதைத்தான் நோட்டில் எழுத வேண்டும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சென், மெஃபெனாமிக் ஆசிட், நிமிசுலைடு, எடோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். எலும்பு டாக்டர் கொடுத்தது ஒன்று, பல் டாக்டர் கொடுத்தது ஒன்று என்று இரண்டு பெயரில் ஒரே வகை மருந்தை விழுங்கிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு சேர்ந்தால் வலி இரட்டிப்பாகக் குறையாது, புண் வரும் வாய்ப்புதான் பல மடங்கு கூடும்.

இந்த மாத்திரைகள் வயிற்றைக் கெடுப்பது உள்ளே போய் உரசுவதால் என்று பலரும் நினைக்கிறார்கள். முக்கியமான காரணம் வேறு. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பு தயாரிக்க விடாமல் இவை தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரில் வழவழப்பான காப்புப் படலம் சுரக்கவும், அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கவும் உதவுகிறது. அது குறைந்தால் சொந்த அமிலமே சுவரை அரித்துவிடும். இதைப் புரிந்துகொண்டால் பல நம்பிக்கைகள் தானாக விழுந்துவிடும்: ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் வேலை செய்கிறது. சாப்பிட்ட பிறகு போடுவது எரிச்சலைக் குறைக்கும், புண்ணைத் தடுக்காது. மோர், இளநீர், பால், அமிலத்தைத் தணிக்கும் திரவ ஆன்டாசிட் எல்லாமும் அப்படித்தான்.

பட்டியலில் இன்னும் சிலவற்றுக்குச் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். இதயத்துக்காகப் போடும் 75 மி.கி. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகள், ஸ்டீராய்டு, மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ரலின், எஸ்சிடாலோபிராம் வகை. வலி மாத்திரையோடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலே கசிவு வரும் ஆபத்து கூடுகிறது. ஆனால் டாக்டரைக் கேட்காமல் இவற்றை நிறுத்திவிடாதீர்கள், ஆஸ்பிரினை நிறுத்தினால் மாரடைப்பு வரக்கூடிய ஆள் வீட்டில் இருக்கலாம்.

அப்புறம் பெயரே இல்லாத மாத்திரைகள். மருந்துக்கடையில் 'மூட்டு வலிக்கு ஒரு செட்' என்று கேட்டால் மூன்று நான்கு மாத்திரைகளை வெட்டிக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். அதில் இருக்கும் சின்ன வெள்ளை மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டு. அன்றைக்கே வலி பறந்துபோவது அதனால்தான், வலி மாத்திரையோடு சேர்ந்து வயிற்றைப் புண்ணாக்குவதும் அதனால்தான். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதாமல் தரும் நாட்டு மருந்துப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது. வாரக்கணக்கில் இவற்றைச் சாப்பிட்டு வந்திருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

3. எந்த வகை மூட்டு நோய் என்று உறுதி செய்யுங்கள்

காலையில் எழுந்ததும் விறைப்பு அரை மணி நேரத்துக்குள் தளர்ந்து, நடக்க நடக்க வலி கூடினால் பெரும்பாலும் தேய்மானம். விறைப்பு ஒரு மணி நேரம் நீடித்து, இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மூட்டு வாத நிபுணர் தரும் மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துதான் சிகிச்சை, அது வேலை செய்ய ஆரம்பித்ததும் வலி மாத்திரையின் தேவையே குறைந்துவிடும். மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் போடும் மருந்து. தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து, எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

கால் பெருவிரல் ஒரே ராத்திரியில் சிவந்து வீங்கினால் யூரிக் அமில வாதமா என்று பார்க்க வேண்டும். ஒரு மூட்டு மட்டும் சூடாக வீங்கி காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம்.

இனி வரும் படிகள் தேய்மானத்துக்கானவை.

4. ஜெல்லைச் சரியான அளவில் பூசுங்கள்

'ஜெல்லா? அதெல்லாம் போட்டுப் பார்த்தாச்சு, ஒன்றும் கேட்கவில்லை' என்பார்கள். எவ்வளவு பூசினீர்கள் என்று கேட்டால் கடலை அளவு, ராத்திரி ஒரு வேளை, அதுவும் வலி அதிகமாக இருக்கும் அன்று மட்டும். 30 கிராம் டியூப் இரண்டு மாதம் வந்திருக்கும்.

டைக்ளோஃபெனாக் ஜெல்லை முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம் வரை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பூசலாம். 4 கிராம் வீதம் மூன்று முறை என்றால் 30 கிராம் டியூப் இரண்டரை நாளில் தீர்ந்துவிடும்! இந்தக் கணக்கைச் சொன்னதும் முகம் மாறும், செலவும் உண்மைதான். அதனால் அதிகம் வலிக்கும் ஒரு முழங்காலை மட்டும் எடுத்துக்கொண்டு, குறைந்தது இரண்டு வாரம் ஒரு நாளும் விடாமல் பூசிப் பாருங்கள். ஒன்றிரண்டு நாளில் முடிவு செய்யாதீர்கள், மூட்டுக்குள் மருந்து சேர நேரம் வேண்டும்.

ஜெல்லும் அதே குடும்ப மருந்துதான். இருந்தும் வயிறு தாங்குவதற்குக் காரணம், தோலில் பூசும்போது ரத்தத்தில் கலப்பது மாத்திரையில் கலப்பதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான். முழங்கால், விரல் மூட்டுகளுக்கு நன்றாகக் கேட்கும், இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே பயன் குறைவு. வாங்கும்போது டைக்ளோஃபெனாக் டைஎதிலமைன் 1.16 சதவீதம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மெந்தால், மெத்தில் சாலிசிலேட் கலந்தவை ஜிலுஜிலு என்று இருக்கும், ஆனால் வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு மெத்தில் சாலிசிலேட் கூடாது, ரத்தம் உறைவது இன்னும் குறைந்துவிடும்.

பூசிய இடத்தில் உடனே வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், துணி வைத்து இறுக்கிக் கட்டாதீர்கள், மருந்து அளவுக்கு மீறி உள்ளே போகும். பூசியபின் கையைக் கழுவுங்கள், கண்ணில் பட்டால் எரியும். வலி மாத்திரையால் முன்பு மூச்சுத் திணறலோ உடம்பு தடிப்போ வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஜெல்லுக்கும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

5. பாரசிட்டமாலை வேலைக்கு முன்னால் போடுங்கள்

பாரசிட்டமால் இரைப்பைச் சுவரை அந்த மாதிரி அரிப்பதில்லை. தேய்மான வலிக்கு அதன் பலம் சுமார்தான், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பயன்பட்டது நேரத்தால்: நடைக்கோ உடற்பயிற்சிக்கோ கிளம்புவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் ஒரு 650 மி.கி. போட்டால் அந்த வேலையைச் செய்ய முடிந்தது. வலி உச்சத்துக்குப் போன பிறகு போட்டால் 'கேட்கவில்லை' என்ற பெயர்தான் மிஞ்சும்.

நல்ல ஆரோக்கியமான வயதுவந்த ஒருவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம். வயதானவர், ஒல்லியானவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், குடிப்பவர் என்றால் அதைவிடக் குறைவாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு என்று டாக்டர் சொல்லட்டும். இங்கே வரும் பிழை, கூட்டு மாத்திரைகளில் ஏற்கெனவே 325 மி.கி. பாரசிட்டமால் ஒளிந்திருப்பதைக் கணக்கில் எடுக்காதது. சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் அது இருக்கும். இரண்டாம் படியில் எழுதிய பட்டியலை இப்போது எடுத்துப் பாருங்கள்.

6. மூட்டின் சுமையைக் குறையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், நான் அதிகம் மன்றாடுவதும் இதற்காகத்தான். மாத்திரை வலியை மறைக்கிறது, மூட்டைத் தாங்குவது தொடைத் தசை. அது மெலிந்துபோனால் ஒவ்வொரு அடியிலும் அதிர்ச்சி நேராக மூட்டில் இறங்கும்.

முதலில் வீட்டை மாற்றுங்கள், ஏனென்றால் அதன் பலன் மறுநாளே தெரியும். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, குந்தி உட்கார்ந்து துணி துவைப்பது, அரிவாள்மனை முன்னால் ஒரு மணி நேரம், இவற்றை நாற்காலிக்கும் மேசைக்கும் மாற்ற வேண்டும். இந்தியக் கழிப்பறை என்றால் அதன் மேல் வைக்கும் கமோடு நாற்காலி வாங்குங்கள், சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் காலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துங்கள். அம்மா மூன்று மாதம் மறுத்த நாற்காலியை, பூஜை அறையிலேயே ஒன்று போட்ட பிறகுதான் ஏற்றுக்கொண்டார்.

கைத்தடியை எல்லோரும் வலிக்கும் பக்கத்தில் பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், வலது முழங்கால் வலித்தால் இடது கை. அப்போதுதான் வலிக்கும் காலை ஊன்றும்போது உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு தடிக்குப் போகும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் தடியின் உயரம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

இனி பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. கட்டிலில் படுத்து முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழே அழுத்துவது, பத்து முறை. ஒரு காலை மடித்து, மறு காலை நீட்டியபடியே ஒரு சாண் உயர்த்திப் பிடிப்பது, பத்து முறை. இரண்டு வாரம் போன பிறகு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, ஐந்தில் ஆரம்பிக்கலாம். காலை, மாலை இரண்டு வேளையும். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் வரைக்கும் கூடுதல் வலி நீடித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், முழுதாக விட்டுவிடாதீர்கள். தசை வலுப்பெற ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், பெரும்பாலானவர்கள் கைவிடுவது மூன்றாவது வாரத்தில். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

எடை பற்றி ஒரு கணக்கு மட்டும்: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் முழங்காலில் ஒவ்வொரு அடியிலும் ஏறக்குறைய நான்கு கிலோ சுமை குறைகிறது. மூன்று கிலோ குறைந்தாலே வித்தியாசம் தெரியும்.

ஒத்தடம் பிடித்தால் கொடுங்கள், உப்பு மூட்டையோ தவிட்டு மூட்டையோ வெந்நீர்ப் பையோ, பதினைந்து நிமிடம் போதும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூட்டை இன்னொருவர் கையால் சோதித்துவிட்டே வையுங்கள், கொப்புளம் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. முடக்கத்தான் தோசை உணவாக நல்லது, சாப்பிடுங்கள், அதை நம்பி மற்றதை விடாதீர்கள்.

7. அப்போதும் மாத்திரை தேவைப்பட்டால் காப்போடு போடுங்கள்

நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் ஒன்றாக ஓடி ஆறு வாரம் ஆன பிறகும் வலி இருந்தால், அல்லது திருமணம், பயணம் என்று சில நாள் மட்டும் தேவைப்பட்டால், இப்போது மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். குறைந்த அளவு, குறைந்த நாள், ஒரே ஒரு வலி மருந்து.

65 வயதைத் தாண்டியவர், முன்பு அல்சர் வந்தவர், சிவப்பு வட்டம் போட்ட மருந்து சாப்பிடுபவர் என்றால் ஓமிப்ரசோல், பேன்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை கட்டாயம் சேர்த்துத் தரப்பட வேண்டும். அதைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்னால் வெறும் வயிற்றில் போடுங்கள். வலி மாத்திரையோடு சேர்த்துச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதுதான் எங்கும் நடக்கிறது, அப்படிப் போட்டால் பலன் குறையும். இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாடு வந்ததும்தான் வேலையை ஆரம்பிக்கும், அதற்குள் மருந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எரியும்போது மட்டும் போடும் மாத்திரையும் இல்லை இது, வலி மாத்திரை போடும் நாளெல்லாம் வேண்டும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வைட்டமின் பி12 குறையலாம் என்பதால், வலி மாத்திரையை நிறுத்தும்போது இதையும் நிறுத்தலாமா என்று கேளுங்கள்.

வயிற்றுக்குச் சற்று மென்மையான வகையும் இருக்கிறது, செலிகாக்சிப், எடோரிகாக்சிப் போன்றவை. மென்மையானது என்பதால் காப்பு வேண்டாம் என்று நினைக்காதீர்கள். முன்பு புண்ணில் ரத்தம் கசிந்தவர்களுக்கு செலிகாக்சிப் மட்டும் கொடுத்தபோது 13 மாதத்தில் 8.9 சதவீதம் பேருக்குத் திரும்பவும் கசிந்தது, அமிலம் குறைக்கும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் ஒருவருக்கும் கசியவில்லை என்று ஹாங்காங்கில் செய்த ஆய்வு 2007-இல் வந்தது. இதய நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்த வகை பொதுவாகக் கூடாது. பி.பி. 140/90-க்குக் கீழே கட்டுப்படவில்லை என்றால் எடோரிகாக்சிப் வேண்டாம். சல்ஃபா வகை மருந்துகளுக்கு அலர்ஜி இருந்தால் செலிகாக்சிப் பேச்சு எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வயிற்றைப் பற்றியே யோசித்துச் சிறுநீரகத்தை மறந்துவிடுகிறோம். டெல்மிசார்டான், எனலாப்ரில் மாதிரி பி.பி. மாத்திரை, கூடவே நீர் பிரியும் மாத்திரை, இவற்றோடு வலி மாத்திரை மூன்றாவதாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம், வாந்தி பேதியில் நீர்ச்சத்து குறைந்திருக்கும் நாட்களில் இன்னும் மோசம். பல பி.பி. மாத்திரைகளில் இந்த இரண்டும் ஒரே மாத்திரைக்குள் இருக்கும், அட்டையைப் பாருங்கள். மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரத்தில் பி.பி.யும் கிரியாட்டினினும் பார்ப்பது நல்லது. கால் வீங்கினால் காத்திருக்க வேண்டாம்.

புண் வந்த வரலாறு உள்ளவர்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அது இரைப்பையில் இருக்கும்போது வலி மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடும், கிருமியை ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஒழித்துவிடலாம். மூச்சுப் பரிசோதனைக்கும் மலப் பரிசோதனைக்கும் முன்னால் அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். நிறுத்துவது பாதுகாப்பானதா என்று டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள்.

8. இதுவும் போதாவிட்டால்

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி வீங்கிய முழங்காலுக்குச் சில வாரம் நிம்மதி தரும், சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், அந்த நாட்களில் பார்த்துக்கொள்ள வேண்டும். டுலோக்செடின் என்ற மாத்திரை நரம்பு வழியாக நாள்பட்ட வலியைக் குறைக்கிறது, ஆனால் ஆஸ்பிரினோடு சேர்ந்தால் அதுவும் கசிவைக் கூட்டலாம் என்பதால் பட்டியலைக் காட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். டிரமடால் என்ற வலுவான வலி மருந்து வயதானவர்களுக்குத் தலைசுற்றலும் மலச்சிக்கலும் தரும். பெரியம்மா அதைப் போட்ட மூன்றாம் நாள் குளியலறையில் விழுந்தார், நல்லவேளை எலும்பு முறியவில்லை. ராத்திரித் தூக்கமே வலியால் கெடுகிறது, வீட்டுக்குள் நடப்பதே சிரமம் என்ற நிலை வந்தால் மூட்டு மாற்று அறுவை பற்றி எலும்பு மருத்துவரிடம் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள்; வலி மாத்திரையிலேயே ஐந்து வருடம் ஓட்டிவிட்டுக் கெட்ட சிறுநீரகத்தோடு போனால் அறுவையே கடினமாகிவிடும்.

9. நோட்டில் தினமும் ஒரு வரி

தேதி, வலி பத்துக்கு எத்தனை, என்ன மாத்திரை எத்தனை, ஜெல் எத்தனை முறை, பயிற்சி செய்தாரா, வயிறு எப்படி, மலம் எப்படி. ஒரு வரி போதும். டாக்டருக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் 'எப்பவும் வலிக்குது டாக்டர்' என்று சொன்னால் அவர் புது மாத்திரைதான் எழுதுவார். நோட்டைத் திறந்து வைத்து, 'டாக்டர், ஜெல்லும் பயிற்சியும் ஆறு வாரம் செய்தோம், வலி எட்டிலிருந்து ஐந்துக்கு வந்திருக்கிறது, படி இறங்கும்போது மட்டும் தாங்க முடியவில்லை, இந்த மாத்திரை போட்ட நாளெல்லாம் வயிறு எரிந்திருக்கிறது' என்று சொன்னால் பேச்சே வேறு மாதிரி போகும். அம்மாவின் நோட்டில் இப்போது வலி மாத்திரைக் கட்டம் மாதத்தில் மூன்று நாளோ நான்கு நாளோதான் நிரம்புகிறது, ஹீமோகுளோபின் 11.4.